பிழை திருத்தும் பணியும் நம் இளைஞரும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி, ஜவ்வாது மலையில் கூடிய இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றப்பெற்ற உரை)

 

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்கின்ற இவ்வேளையில், கணிப்பொறித் துறையைப் பற்றி இளைஞர்களிடம் பேசுமாறு கழகத்தார் எங்களைப் பணித்தனர். அத்துறையில் வேலை கிடைக்கும், நல்ல ஊதியம் கிடைக்கும் என்பதைப் பிறர் சொல்லி நீங்கள் முன்னரே அறிவீர்கள். ஆதலின் அதனை மீண்டும் ஒருமுறை சொல்லுவதால் பயனில்லை. அத்துறையில் ஓசையின்றி நடைபெறும் ஒரு பணியைப் பற்றியே பேச விரும்புகின்றோம். அது பிழை திருத்தும் பணி. குறிப்பாக, விவரங்களை நினைவகத்திலேயே வைத்து உடனுக்குடன் விடை சொல்லும் தரவுத்தளம் என்னும் மென்பொருளில் பிழைகளைக் கண்டு, களைந்து, அதனை நம்பத்தக்கதாக ஆக்கும் பணி.

"இது யாரோ பொறியாளர்களின் வேலை, நமக்கென்ன?" என்று சிலர் எண்ணலாம். நமக்கு மற்றவர்களைவிட மிகுதியான தொடர்பு இதில் உண்டு என்பதே எங்கள் கருத்து. அதனை முதலில் விளக்கிவிடுகின்றோம்.

பதிவும் உரிமையும்

பதிவேடு என்பது நம் மக்களுக்கு வெறும் தாள் அன்று. 1891-ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் அவல நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுவது அதனையே. அந்நிலம் பிறர் கைக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனை ஆணையிலேயே இருந்தது. இருந்தும் எவ்வளவோ நிலம் கைமாறிப் போயிற்று. இன்று ஓர் ஊரில் அந்நிலத்தை மீட்க முனைவோர் முதலில் தேடி அலைவது எதனை? பழைய பதிவேட்டையே. பதிவு இருந்தால் வாதம் நிற்கும்; பதிவு அழிந்தாலோ, மாற்றி எழுதப்பட்டாலோ, உரிமையும் அதனுடன் போய்விடும்.

அந்நாளில் பதிவு தாளில் இருந்தது. இந்நாளில் அது கணிப்பொறியில் இருக்கின்றது. சாதிச் சான்று, பட்டா, குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை, மாணவர் கல்வி உதவித்தொகை ஆகிய யாவும் இன்று ஏதோ ஒரு கணிப்பொறியில் பதிந்த விவரங்களே. சாளரத்திற்கு அப்பால் அமர்ந்திருப்பவர் "கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் இல்லை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், நம் தாய்மார் திரும்பி நடக்க வேண்டியதுதான். வசதி உடையவர் மறுநாள் வருவார், தெரிந்தவரைப் பிடிப்பார், வழக்குத் தொடுப்பார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் என்ன செய்வார்? எனவே, மென்பொருளின் பிழை எல்லோரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. மாற்றுவழி இல்லாதவனையே அது முதலில் தாக்குகின்றது. பிழையால் முதலில் அடிபடும் மக்களின் பிள்ளைகள் அந்தப் பிழையைத் திருத்தும் இடத்திலும் இருத்தல் வேண்டும். எங்கள் உரையின் சாரம் இதுதான்.

சிட்டையும் பேரேடும்

இனி, இந்தத் தரவுத்தளம் எவ்வாறு இயங்குகின்றது என்று பார்ப்போம். கணிப்பொறிக்கு இரண்டு வகையான இருப்பிடங்கள் உண்டு. ஒன்று வட்டு, மற்றொன்று நினைவகம். வட்டில் எழுதியது மின்சாரம் போனாலும் அழியாது. ஆனால் எழுதவும் எடுக்கவும் நேரம் ஆகும். நினைவகத்தில் உள்ளதை நொடியில் பல்லாயிரம் முறை எடுக்கலாம். ஆனால் மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று.

ஊரில் மளிகைக் கடை நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். யார் யார் எவ்வளவு கடன் என்பது அவர் மனத்தில் இருக்கின்றது. கேட்டவுடன் சொல்லுவார். ஆயினும் அவர் மனத்தை மட்டும் நம்பிக் கடை நடத்துவதில்லை. விற்க விற்கச் சிட்டையில் குறித்துக்கொண்டே வருவார். பின்னர் ஓய்வான நேரத்தில் பேரேட்டில் ஏற்றுவார். நினைவகத் தரவுத்தளமும் இதனையே செய்கின்றது. விடை சொல்வது நினைவிலிருந்து. பாதுகாப்பு சிட்டையிலும் பேரேட்டிலும்.

இவ்வகையில் உலகெங்கும் பரவியிருப்பது ரெடிஸ் என்னும் மென்பொருள். இத்தாலி நாட்டின் சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வத்தோரே சான்ஃபிலிப்போ என்பவர் 2009-இல் இதனை வெளியிட்டார். தாம் நடத்திய ஓர் இணையச் சேவைக்கு வழக்கமான தரவுத்தளத்தின் வேகம் போதாமையால், தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். தமக்கென எழுதியதைப் பூட்டி வைக்காமல், மூல நிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். அவ்வாறு திறந்துவிடப்பட்ட மென்பொருளையே கட்டற்ற மென்பொருள் என்றும் திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்லுகின்றோம்.

ரெடிஸ் நினைவகத்தின் முழுப் படத்தையும் இடையிடையே வட்டில் எழுதி வைக்கும்; இது பேரேடு. மாற்றம் செய்யும் ஒவ்வொரு கட்டளையையும் வந்த வரிசையில் ஒரு கோப்பின் கடைசியில் எழுதிக்கொண்டே வருமாறும் அதனைப் பணிக்கலாம், இது சிட்டை. அந்தச் சிட்டையை ஒவ்வொரு கட்டளைக்கும் வட்டில் உறுதி செய்வதா, நொடிக்கு ஒருமுறை உறுதி செய்வதா என்பதை நடத்துவோரே முடிவு செய்யலாம். நொடிக்கு ஒருமுறை என்றால் வேகம் கிடைக்கும். ஆனால் திடீரென்று மின்சாரம் நின்றால் ஏறத்தாழ ஒரு நொடியின் கணக்குப் போய்விடக்கூடும். ஒரு நொடி தானே என்று எண்ணாதீர்கள். அந்த ஒரு நொடியில் பதிந்தது யாருடைய பெயர் என்பதுதான் கேள்வி.

இவ்வகைத் தரவுத்தளம் நம் வாழ்விலிருந்து தொலைவில் இல்லை. ஜோலார்பேட்டையிலோ காட்பாடியிலோ இரயில் ஏற, கைப்பேசியில் பயணச்சீட்டுப் பதிவு செய்கின்றீர்கள். தட்கல் சீட்டுக்குக் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் நாடே ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். முற்காலத்தில் அந்த இணையதளம் அந்நேரத்தில் திணறி நின்றதை மூத்தோர் அறிவர். 2014-இல் அதனைப் புதுப்பித்தபோது, ஜெம்ஃபயர் என்னும் நினைவகத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தினர். நிமிடத்திற்கு 2,000 சீட்டுகள் என்றிருந்த திறன் 7,200 என்ற அளவிற்கு உயர்த்தப்பட்டது. அந்த ஜெம்ஃபயரின் மூல நிரல் மறு ஆண்டே அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டு, ஜியோட் என்னும் பெயரில் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது.

நான்கு பிழைகள்

பிழை என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிக்கின்றார்கள் என்பதை நான்கு உண்மை நிகழ்ச்சிகளால் விளக்குவோம்.

முதலாவது, பிறர் விடை நம் கைக்கு வந்த பிழை. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் புகழ்பெற்ற சேவை சில மணி நேரம் நிறுத்தப்பட்டது. ஒருவருடைய உரையாடல் தலைப்புகள் இன்னொருவருக்குத் தெரிந்தன. கட்டணம் செலுத்துவோரில், குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்தில் சேவையைப் பயன்படுத்தியவர்களுள் 1.2 விழுக்காட்டினரின் பெயர், மின்னஞ்சல், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் போன்றவை பிறர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. காரணம் என்ன? பைத்தான் மொழியில் எழுதிய நிரல்கள் ரெடிஸுடன் பேசுவதற்கான ஒரு திறந்த மூல நூலகத்தில் இருந்த பிழை.

அதனை எளிதாக இவ்வாறு சொல்லலாம். அலுவலகச் சாளரத்தில் ஒருவர் மனுவை நீட்டுகின்றார். விடை வருமுன், ஏதோ அவசரம், போய்விடுகின்றார். அவர் இடத்தில் அடுத்தவர் வந்து நின்று தம் மனுவை நீட்டுகின்றார். உள்ளிருந்து முன்னவருடைய விடை வருகின்றது. இவர் அதனைத் தம் விடை என்று வாங்கிக்கொள்கின்றார். அதன்பின் வரிசை முழுவதும் ஒருவர் விடை மற்றவர்க்கு என்று வழுக்கிக்கொண்டே போகின்றது. மென்பொருளிலும் இதுவே நேர்ந்தது. கேள்வி அனுப்பியபின், விடை பெறுமுன் ஒரு வேண்டுகோள் கைவிடப்பட்டால், அந்தத் தொடர்பைத் தூய்மை செய்யாமலே அடுத்தவர்க்குக் கொடுத்துவிட்டது நூலகம். வேண்டுகோள்கள் அரிதாகவே கைவிடப்பட்ட வரை பிழை வெளியே தெரியவில்லை. அன்று அந்நிறுவனம் தன் வழங்கியில் செய்த ஒரு மாற்றத்தால் கைவிடல்கள் பெருகின. மறைந்திருந்த பிழையும் வெளிப்பட்டது. திருத்தம் என்ன? விடை பெறாமல் கைவிடப்பட்ட தொடர்பை மீண்டும் பயன்படுத்தாமல் துண்டித்துவிட வேண்டும். சொல்லும்போது எளிது. கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இரண்டாவது, இரு தலைமைப் பிழை. ஒரே கணிப்பொறியை நம்பாமல், தலைமைக் கணிப்பொறி ஒன்றும் அதன் படிகள் சிலவும் வைத்து நடத்துவது வழக்கம். தலைமை விழுந்தால் படிகளுள் ஒன்று தலைமை ஏற்கும். ஆனால் தலைமை விழவில்லை, இடையே கம்பித் தொடர்பு மட்டும் அறுந்தது என்று கொள்வோம். அப்போது இரு புறமும் ஒவ்வொரு தலைமை உண்டாகிவிடும். தொடர்பு மீண்டதும் பழைய தலைமை, புதிய தலைமையின் கணக்கை ஏற்றுத் தன் கணக்கை அழித்துவிடும். 2013-இல் கைல் கிங்ஸ்பெரி என்னும் ஆய்வாளர், தாம் உருவாக்கிய ஜெப்சென் என்னும் சோதனை முறையால் இதனை வேண்டுமென்றே நிகழ்த்திப் பார்த்தார். ஏறத்தாழ 2,000 பதிவுகளை எழுதினார். "பதிந்தேன்" என்று ரெடிஸ் ஒப்புக்கொண்டவற்றுள் 56 விழுக்காடு இறுதியில் காணாமற் போயிருந்தது. "பதிந்தேன்" என்று சொல்லிவிட்டு இழப்பது, "பதிய இயலவில்லை" என்று முதலிலேயே சொல்வதைவிடக் கொடியது அல்லவா? இதனை வெளிப்படையாக எழுதி வெளியிட்டதால் பெரும் விவாதம் எழுந்தது. குறைந்தது இத்தனை படிகளாவது தொடர்பில் இருந்தால்தான் எழுத்தை ஏற்பேன் என்று வரம்பு கட்டும் வசதி அவ்வாண்டின் பதிப்பிலேயே வந்தது. அப்போதும் இழப்பு முற்றிலும் நீங்குவதில்லை. குறைகின்றது என்பதை ரெடிஸின் ஆவணங்களே ஒளிவின்றிக் கூறுகின்றன. பின்னர் 2020-இல், கருத்தொருமைப்பாட்டை உறுதி செய்யும் ரெடிஸ்-ராஃப்ட் என்னும் புதிய முயற்சியை அதே சோதனைக்கு உட்படுத்தியபோது 21 குறைகள் வெளிவந்தன; அவற்றுள் பெரும்பாலானவை உடன் திருத்தப்பட்டன.

மூன்றாவது, நிரலில் இல்லாத பிழை. "ரெடிஸ் திடீரென்று நின்றுவிட்டது" என்று முறையீடுகள் வரும். நிரலைக் கிண்டிக் கிளறிப் பார்த்தாலும் காரணம் கிடைக்காது. சில முறையீடுகளில் உண்மைக் காரணம் நினைவகச் சில்லின் பழுதே என்பதைச் சான்ஃபிலிப்போ கண்டார். 2012-இல் அவர் இதனை விரிவாக எழுதினார். ரெடிஸ் விழும்போதே, எந்தக் கட்டளையின்போது விழுந்தது, எந்த நிரல்வரி ஓடிக்கொண்டிருந்தது என்பதையெல்லாம் குறித்து வைக்கவும், நினைவகத்தைத் தானே சோதித்துப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். நோயாளி மயங்கி விழுமுன் தன் நோய்க்குறிகளை எழுதி வைத்துவிட்டு விழுவது போன்றது இது. குற்றம் சாட்டுமுன் சான்று தேட வேண்டும் என்னும் பாடம் இதில் உண்டு. எப்போதும் சான்றின்றிக் குற்றம் சாட்டப்பட்டு வந்த மக்களாகிய நமக்கு இப்பாடத்தின் அருமை நன்கு விளங்கும்.

நான்காவது, 13 ஆண்டுகள் மறைந்திருந்த பிழை. ரெடிஸினுள் லூவா என்னும் சிறு மொழியில் நிரல் எழுதி இயக்கும் வசதி 2012 முதல் உண்டு. லூவா பிரேசில் நாட்டின் ரியோ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1993-இல் பிறந்த மொழி. அதன் நினைவக மேலாண்மையில் ஒரு நுண்ணிய தவறு இருந்தது. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். வீடு வேறொருவர்க்கு விடப்பட்டது. ஆனால் பழைய சாவி இன்னும் செல்லுபடியாகின்றது. அச்சாவியைக் கொண்டு தீயவர் உள்ளே நுழைந்தால், வழங்கி முழுவதையுமே கைப்பற்றிவிடலாம். விஸ் என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்து முறையாகத் தெரிவித்தனர். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் திருத்தம் வெளியிடப்பட்டது. அபாயத்தின் அளவு 10-க்கு 10 என்று மதிப்பிடப்பட்டது. அப்போது இணையத்தில் ஏறத்தாழ 3,30,000 ரெடிஸ் வழங்கிகள் வெளியார் எட்டும் நிலையில் இருந்தன என்றும், அவற்றுள் சுமார் 60,000 வழங்கிகளுக்குக் கடவுச்சொல்லே இல்லை என்றும் அந்த ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பூட்டில் உள்ள குறையைக் கொல்லன் சரிசெய்யலாம். கதவையே சாத்தாத வீட்டிற்குக் கொல்லன் என்ன செய்வான்?

காவலூர் தரும் பாடம்

நம்பகம் என்பது எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கு இந்த மலையே ஒரு சான்று வைத்திருக்கின்றது. இங்குள்ள காவலூரில், கடல் மட்டத்திற்கு 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் தொடங்கிய இடம் அது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் இந்தியாவிலேயே செய்யப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன.

1977-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க வந்தது. கோள் மறைக்குமுன்னரே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. அமெரிக்க அறிஞர்கள் வானூர்தியில் பறந்தபடி இதனைக் கண்டனர். ஒரே இடத்தில் மட்டும் கண்டிருந்தால், "மேகமாக இருக்கலாம், கருவியின் கோளாறாக இருக்கலாம்" என்று ஐயுறலாம். ஆனால் காவலூரிலும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் கூடக் கண்டனர். தொலைவான பல இடங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தக் கண்டதால், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டென்பது உறுதியாயிற்று. ஒரு பதிவைப் பல இடங்களில் வைத்து ஒப்பிடு என்று தரவுத்தளத்தார் சொல்வதும் இதே நெறிதான்.

மறுபுறமும் ஒன்று உண்டு. 1972 சூன் 7-இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் எடுத்த அளவுகளைக் கொண்டு, அதற்குக் காற்றுமண்டலம் உண்டென்று முடிவு கூறினர். 1979-இல் வாயேஜர்-1 விண்கலம் அருகே சென்று பார்த்தபோது, முன்பு மதிப்பிட்ட அளவுக்குக் காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. பின்னர் 1995-இல் ஹபிள் தொலைநோக்கி அங்கே மிக மெல்லிய ஆக்சிஜன் உண்டென்று காட்டியது. இதனால் காவலூரின் பெருமை குன்றிவிட்டதா? இல்லை. அளவுகளை மறைக்காமல் வெளியிட்டதால்தான் பின்வந்தோர் சரிபார்க்க முடிந்தது. திருத்தம் அறிவுக்கு இழுக்கு அன்று. திருத்த முடியாதபடி மூடி வைப்பதே இழுக்கு.

பொதுக் கிணறு

மென்பொருளுக்கும் இது பொருந்தும். மூல நிரல் திறந்திருந்தால், குற்றம் காண விரும்புவோர் யாவரும் உள்ளே இறங்கிப் பார்க்கலாம். ஆயினும், திறந்தது எப்போதும் திறந்தே இருக்கும் என்ற உறுதி இல்லை. ரெடிஸின் உரிமையை வைத்திருந்த நிறுவனம், 2024 மார்ச்சு மாதத்தில் அதன் உரிமத்தை மாற்றியது. பெருநிறுவனங்கள் தங்கள் உழைப்பை இலவசமாகப் பயன்படுத்திப் பொருளீட்டுகின்றன என்பது அவர்கள் கூறிய காரணம். ஆனால் உலகெங்கிலுமிருந்து பலர் ஊதியமின்றித் திருத்தி வளர்த்த நிரல் அது. ஊர் கூடி வெட்டிய கிணற்றுக்கு ஒருவர் வேலி போட்டால் எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போது பங்களித்தோரில் பலர் என்ன செய்தனர்? கடைசியாகத் திறந்திருந்த பதிப்பை எடுத்துக்கொண்டு, அதே மாதத்திலேயே வால்கீ என்னும் பெயரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்ப் பணியைத் தொடர்ந்தனர். பழைய உரிமம் அதற்கு இடம் தந்திருந்தது. மேகக் கணிமை நடத்தும் பெரிய நிறுவனங்களும் அதற்குத் துணை நின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2025 மே மாதத்தில் ரெடிஸும் மீண்டும் ஒரு திறந்த உரிமத்தைத் தன் உரிமங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. உரிமை ஏட்டில் எழுதப்பட்டிருந்ததால், மீட்பதும் எளிதாயிற்று. எழுத்தில் உள்ள உரிமையின் வலிமை இதுவே.

எங்கே தொடங்குவது?

இளைஞர்களே! இதுவரை கேட்டதில் உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். "வாசல் திறந்திருக்கின்றது என்கின்றீர்கள். எங்களால் நுழைய முடியுமா?" நேர்மையாகவே விடை சொல்லுகின்றோம். நிரலுக்குள் நுழைய யாரும் உங்கள் ஊரையும் தெருவையும் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஆங்கிலம் வேண்டும், நல்ல கணிப்பொறி வேண்டும், இணையம் வேண்டும், எல்லாவற்றினும் மேலாக, கூலியில்லாமல் செலவிட நேரம் வேண்டும். மாலையில் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ள மாணவனிடம் "ஓய்வு நேரத்தில் பங்களி" என்று சொல்வது எளிதன்று. எனவே இதனைத் தனி ஒருவரின் ஆர்வத்திற்கு விட்டுவிடாமல், கழகம் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்று வேண்டுகின்றோம். இது நடவாத காரியம் அன்று. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் தொண்டர்களும் அப்பகுதி மக்களும் சேர்ந்து அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தை நடத்திக் காட்டியுள்ளனர். பழைய கணிப்பொறிகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன. நம் மாநிலத்தில் விழுப்புரம் பகுதியிலும் லினக்ஸ் பயனர் குழுவினர் சிற்றூர் இளைஞர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தந்து வருகின்றனர்.

தொடங்கும் முறையையும் சொல்லிவிடுகின்றோம். எடுத்த எடுப்பிலேயே நிரலைத் திருத்த முனைய வேண்டாம். முதலில் வால்கீ போன்ற ஒரு மென்பொருளின் மூல நிரலை இறக்கி, உங்கள் கணிப்பொறியிலேயே தொகுத்து இயக்குங்கள். பழைய கணிப்பொறியும் அதற்குப் போதும். அதனுடன் வரும் சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பாருங்கள். பின்னர் மின்சாரத்தை நீங்களே நிறுத்திப் பாருங்கள். எந்தக் கணக்கு நின்றது, எது போயிற்று என்று குறியுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது; இந்தச் சோதனைதான் பாடம்.

அடுத்து, பிறர் எழுதிய முறையீடுகளைப் படியுங்கள். அவற்றுள் பல "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லும். எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை, எந்த வரிசையில் இட்டால் பிழை வருகின்றது என்று கண்டு, அதனை மிகச் சுருக்கமான படிகளாக எழுதித் தருவதே பெரிய தொண்டு. மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடிந்த பிழை, பாதி திருத்திய பிழை. அதன்பின், அந்தப் பிழையைப் பிடிக்கும் ஒரு சோதனையை எழுதுங்கள். திருத்துமுன் அச்சோதனை தோற்க வேண்டும். திருத்தியபின் வெல்ல வேண்டும். அப்போதுதான் அதே பிழை பின்னொரு நாள் திரும்பி வந்தாலும் சோதனை காட்டிக்கொடுக்கும். கடைசியாகத்தான் திருத்தம். அதுவும் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நன்று. மூத்தோர் அதனைப் படித்துக் குறை சொல்லுவர். சில வேளை ஏற்க மறுப்பர். அது உங்கள் எழுத்தைப் பற்றிய தீர்ப்பு. உங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பள்ளியிலும் தெருவிலும் நம்மில் பலர் வேறுவகைச் சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆகையால், குறை சொல்லப்பட்டவுடன் ஒதுங்கிவிடும் மனம் நமக்கு எளிதில் வரும். ஒதுங்கவேண்டாம். காரணம் கேளுங்கள்; திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.

ஏற்கப்பட்ட ஒவ்வொரு திருத்தத்திலும் எழுதியவர் பெயரும் நாளும் பதிந்திருக்கும். இம்மலையைச் சுற்றியுள்ள செங்கம் பகுதியில் பல நடுகற்கள் கிடைத்துள்ளன. தமிழகத் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1972-இல் நூலாக வெளியிட்டது. ஆநிரை மீட்டு மாண்ட ஓர் எளிய வீரனின் பெயர், ஊர், அரசன் ஆண்ட ஆண்டு யாவும் அக்கற்களில் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றும் அவன் பெயர் நமக்குத் தெரிகின்றது என்றால், யாரோ ஒருவர் உளி எடுத்ததனால் அன்றோ? ஏரி வெட்டியும் கோட்டை கட்டியும் கழனி திருத்தியும் வந்த நம் முன்னோருள் எத்தனை பேர் பெயர் எழுதப்பட்டது? அவர்கள் உழைப்பு நின்றது, பெயர் நிற்கவில்லை. இன்று நீங்கள் செய்யும் வேலையில் உங்கள் பெயரை நீங்களே எழுதலாம். இதனைச் சிறிதாக எண்ணாதீர்கள்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கணிப்பொறிமுன் அமர்ந்து, ஊதியம் இல்லாத ஒரு பிழையைப் பல நாள் துருவிக்கொண்டிருந்தால், வீண்பொழுது என்று கடிந்துகொள்ளாதீர்கள். எதனால் கெட்டது என்று பொறுமையாகத் தேடக் கற்றவன், நாளை அலுவலகச் சாளரத்தில் "பெயர் இல்லை" என்று சொன்னாலும் தலைகுனிந்து திரும்பமாட்டான். "ஏன் இல்லை? எப்போது நீக்கப்பட்டது? எந்தப் பதிவு அதனைக் காட்டுகின்றது?" என்று கேட்பான். அவ்வாறு கேட்கும் பிள்ளைகளை வளர்ப்பதற்காகவே 25 ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தோன்றியது.

கழகத்தார் முன் முடிவாக மூன்று கோரிக்கைகளை வைக்கின்றோம். முதலாவது, கழகத்தின் படிப்பகத்தில் பழைய கணிப்பொறிகள் சிலவற்றைக் கொண்டு ஒரு பயிற்சிக்கூடம் அமைய வேண்டும். மலைவாழ் பிள்ளைகளுக்கும் அதில் சமமான இடம் வேண்டும். இரண்டாவது, பங்களிக்க முன்வரும் மாணவர்க்குச் சிறு உதவித்தொகை வேண்டும். தொண்டு என்னும் பெயரால் ஏழை மாணவனின் கூலியைப் பறிக்கலாகாது. மூன்றாவது, கழகத்தின் சொந்தப் பதிவேடுகள், அதாவது உறுப்பினர் பட்டியல், உதவி பெற்றோர் கணக்கு, கூட்டக் குறிப்புகள் யாவும் தாளில் ஒன்றும் கணிப்பொறியில் ஒன்றும் வெளியூரில் ஒன்றும் என மூன்று படிகளாகக் காக்கப்பட வேண்டும். பிறர் கணக்கைத் திருத்தக் கிளம்புமுன் நம் கணக்கு அழியாமல் இருக்க வேண்டும் அல்லவா?